பிரேக்கில் கோளாறு இல்லை

அந்த ஊரில் கார் ஓட்டப் பழகியவர்களில் பாதிப் பேருக்கு அவளுடைய சொந்தப் பெயர் தெரியாது. பிரேக்கக்கா என்றால்தான் தெரியும். பயிற்சிக் காரில் ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறவருக்கு ஒரு பிரேக் என்று இரண்டு இருக்கும். இரண்டையும் அடியில் ஒரு கம்பி இணைத்திருக்கும். அந்த இரண்டாவது பிரேக்கின்மேல் இருபத்திரண்டு வருஷமாக அவள் கால் இருந்தது. அத்தனை வருஷத்தில் அவள் கார் ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை. இதை அவளே நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வாள், அடக்கமெல்லாம் அவளிடம் கிடையாது.

அவள் ரோட்டைப் பார்ப்பதைவிட ஓட்டுகிறவரின் கழுத்தைத்தான் அதிகம் பார்ப்பாள். பயந்தவனுக்கு முதலில் கழுத்து விறைக்கும், கால் அதற்கப்புறம்தான் தப்புச் செய்யும் என்பது அவள் கண்டுபிடிப்பு. கழுத்து விறைத்த அந்த நொடியில் அவள் கால் பிரேக்கை மெல்ல அழுத்திவிடும். பக்கத்தில் இருப்பவருக்குத் தானே நிறுத்தியதுபோலத் தோன்றும். தைரியம் வந்துவிடும். வாய் மட்டும் சும்மா இருக்காது. "இடது பக்கம் திரும்பச் சொன்னா வலது பக்கம் திரும்புறீங்களே சார், எழுதறது எந்தக் கையில?" என்று ஒரு கல்லூரிப் பேராசிரியரையே கேட்டவள். திட்டு வாங்கியவர்கள்தான் பிறகு தங்கள் பெண்ணையும் மருமகளையும் அவளிடமே அனுப்பினார்கள்.

அவள் கணவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல இருப்பார். இரண்டு பேருக்குமான பேச்சை அவளே பேசிவிடுவாள். பிள்ளைகள் இல்லை. அந்த இடத்தில் இருந்தவன் அவள் தம்பி. அம்மா போனபோது அவனுக்கு ஏழு வயது, அவளுக்குப் பதினாறு. சோறு ஊட்டியது, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது, படிப்பு ஏறாது என்று தெரிந்ததும் கார் பட்டறை ஒன்றில் சேர்த்துவிட்டது எல்லாம் அவள்தான். இப்போது அவனுக்குச் சொந்தப் பட்டறை இருக்கிறது, பயிற்சிப் பள்ளியிலிருந்து இரண்டு தெரு தள்ளி. நாற்பத்து மூன்று வயது, தலை நரைத்துவிட்டது, ஆனாலும் அக்கா முறைத்தால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு மார்பில் கட்டி வந்தது. புற்று என்றார்கள். வெட்டி எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டித் திரும்ப முளைத்தது. மாணவர்களிடம் வெளியூரில் சொந்தக்காரர் கல்யாணம் என்று சொல்லிவைத்திருந்தாள். எட்டு மாசம் நடந்த கல்யாணம் உலகத்திலேயே அதுவாகத்தான் இருக்கும். திரும்பி வந்தவள், அது முடிஞ்சுபோச்சு என்றாள். டாக்டர் யாரும் அப்படிச் சொல்லவில்லை. தினம் ஒரு மாத்திரை, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டு என்றுதான் சொன்னார்கள். முதுகு வலித்தாலோ கால் மரத்தாலோ அன்றைக்கே வா என்று அச்சடித்த தாள் ஒன்றையும் கொடுத்திருந்தார்கள். அது மருந்துச் சீட்டுகளோடு மடித்து வைத்தபடியே கிடந்தது. மிரட்டல் கடிதத்தை யார் திரும்பத் திரும்பப் படிப்பார்கள்?

முதுகு வலி வந்தது. முதுகின் நடுவில் ஆரம்பித்து, பெல்ட்டைப் போட்டு இறுக்கியதுபோல இரண்டு பக்கமும் சுற்றி வரும். படுத்தால் அதிகமாகும், உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. அதனால் சோபாவில் சாய்ந்தபடியே தூங்கப் பழகிக்கொண்டாள். கணவர் இரண்டு தடவை, "டாக்டர்கிட்ட காட்டலாமே" என்றார். வருஷத்துக்குப் பத்து வாக்கியம் பேசுகிற மனிதர் ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொல்கிறாரே என்று அவள் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. "குண்டும் குழியுமான ரோட்ல இருபத்திரண்டு வருஷம் குதிச்சுக்கிட்டே போயிருக்கேன். முதுகு வலிக்காம மூக்கா வலிக்கும்?" என்றாள். காரில் தன் இருக்கைக்கு ஒரு மெத்தை வாங்கிப் போட்டுக்கொண்டாள். அடுத்த மாசம் எப்படியும் பரிசோதனைக்குப் போகத்தானே வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவளிடம் ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒரு பல் டாக்டர். ஐம்பது வயது. மற்றவர்கள் வாயில் துளை போடும்போது நடுங்காத கை ஸ்டியரிங்கைத் தொட்டால் நடுங்கும். சரிவான தெரு ஒன்று, கடைசியில் இன்னொரு தெருவில் முட்டி நிற்கும். அந்த முனையில் பெரிய இரும்புக் குப்பைத்தொட்டி. சரிவில் பாதி இறங்கும்போதே பல் டாக்டரின் கழுத்து விறைத்ததை அவள் பார்த்துவிட்டாள். எப்போதும்போல மிதித்தாள். கார் நிற்கவில்லை. இன்னும் பலமாக மிதித்தாள். கார் அதுபாட்டுக்குப் போய்க் குப்பைத்தொட்டியில் இடித்து நின்றது.

வேகம் அதிகமில்லை. முன்பக்கம் கொஞ்சம் நசுங்கியது, அவ்வளவுதான். பல் டாக்டரின் முகம் வெளுத்திருந்தது.

"பிரேக் பிடிக்கல," என்றாள் அவள். "நான் நல்லாத்தான் மிதிச்சேன். கம்பி கழண்டிருக்கும்."

"இல்லம்மா." அவர் குனிந்து அவள் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க கால் பிரேக்மேலயே இல்ல. பக்கத்துல தரையில இருக்கு. பாருங்க."

பார்த்தாள். கால் தரையில்தான் இருந்தது. இடித்த வேகத்தில் நகர்ந்திருக்கும் என்று நினைத்தாள்.

"கால்ல உணர்ச்சி இருக்கா? மரத்த மாதிரி ஏதாவது?"

"நீங்க பல்லைப் பாருங்க டாக்டர். காலை நான் பார்த்துக்கறேன்."

நல்ல மனுஷன், அதற்குமேல் வற்புறுத்தவில்லை. இடித்தது தன் கையால் என்ற கூச்சம் வேறு அவருக்கு. அவளுக்கோ மானம் போன ஆத்திரம். இருபத்திரண்டு வருஷப் பெருமை ஒரு குப்பைத்தொட்டியில் போய்ச் சேர்ந்ததே என்ற எரிச்சலில் காரைத் தானே மெதுவாக ஓட்டிக்கொண்டு நேரே தம்பி பட்டறைக்குப் போனாள். ஓட்டுகிற பக்கத்துப் பிரேக் பிடித்தது. ஒரு தடவைக்கு இரண்டு தடவை மிதிக்க வேண்டியிருந்தது, ஆனால் பிடித்தது. அதனால் கோளாறு தன் பக்கத்துப் பிரேக்கில்தான் என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது.

தம்பி காரைத் தூக்கி நிறுத்தி அடியில் போய்ப் பார்த்தான். கம்பி, ஆணி, ஸ்பிரிங் எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே, "ஒண்ணும் இல்லையேக்கா. எல்லாம் இறுக்கமாத்தான் இருக்கு," என்றான்.

"அப்போ நான் பொய் சொல்றேனா?"

"அய்யோ, அப்படிச் சொல்லலக்கா. ஒண்ணு பண்ணு. நீ உன் சீட்ல உட்கார்ந்து மிதி. நான் பின்னாடி நின்னு லைட்டைப் பார்க்கறேன்."

பிரேக்கை மிதித்தால் பின்னால் சிவப்பு விளக்கு எரியும். பட்டறைக்காரர்கள் எல்லாரும் செய்கிற சாதாரணச் சோதனை இது. அவள் உட்கார்ந்தாள். அவன் பின்னால் போய் நின்றான்.

"மிதிச்சிட்டேன்," என்று முன்னாலிருந்து குரல் கொடுத்தாள்.

விளக்கு எரியவில்லை.

"மிதிக்கா."

"மிதிச்சுக்கிட்டுத்தாண்டா இருக்கேன். தெரியலையா?"

விளக்கு எரியவில்லை. ஒரு தடவை லேசாக மின்னி அணைந்தது. அவன் வந்து அவளை இறங்கச் சொல்லிவிட்டுத் தான் உட்கார்ந்து மிதித்தான், பக்கத்துக் கடைக்காரரைப் பின்னால் நிறுத்திக் கேட்டான். "எரியுதுப்பா, பளிச்சுன்னு எரியுது," என்றார் அவர். மறுபடி அவளை உட்காரவைத்தான். எரியவில்லை. தான் உட்கார்ந்தான். எரிந்தது.

அவன் படித்த தொழிலில் இதற்கு ஒரு விளக்கம் உண்டு. ஒரு நேரம் வந்து ஒரு நேரம் வராத கோளாறு. ஒயரில் எங்கேயோ உள்ளுக்குள் முறிந்திருக்கும், கம்பியின் மூட்டில் தேய்மானம் இருக்கும், ஆடும்போது பிடிக்கும், ஆடாதபோது விடும். பட்டறைக்காரனை அழவைக்கிற கோளாறு அதுதான். அதைத்தான் அவன் தேடினான். இருபத்தைந்து வருஷமாக வண்டியின் கோளாறை வண்டியில் மட்டுமே தேடிப் பழகியவன், மிதிக்கிற காலைக் குனிந்து பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை. அது அக்காவின் கால். அதில் கோளாறு இருக்கும் என்று அவனுக்கு எப்படித் தோன்றும்?

புதன்கிழமை முழுக்கக் காரைப் பிரித்துப் போட்டான். வியாழக்கிழமை புதுக் கம்பி, புது சுவிட்ச் போட்டான். அந்த இரண்டு நாளும் அவள் வகுப்பு இல்லாமல் வீட்டில் இருந்தாள், தம்பிக்குப் போன்மேல் போன் போட்டு விரட்டினாள். புதன்கிழமை மாடிப்படி ஏறும்போது முழங்கால் இரண்டு தடவை மடங்கியது. சரியான தூக்கமில்லை என்று சொல்லிக்கொண்டாள். வியாழக்கிழமை கடைக்குப் போய்த் திரும்பியபோது ஒரு காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்று தெரியவில்லை. வெறுங்காலோடு இரண்டு தெரு நடந்து வந்தது காலுக்குத் தெரியவில்லை. கணவர் அந்தக் காலைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். "நாளைக்குப் போகலாம்," என்றார். அது கேள்வியாக இல்லை. "வண்டி வரட்டும்," என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் தம்பி காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். "சொக்கத் தங்கமா இருக்குக்கா. உட்கார்ந்து பாரு." சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். மிதித்தாள். அவன் பின்னால் நின்றான். மறுபடியும் விளக்கு எரியவில்லை. அவள் இறங்கப் பார்த்தாள். இறங்க முடியவில்லை. இடுப்புக்குக் கீழே யாரோ வேறொருத்தியை உட்காரவைத்துவிட்டுப் போனதுபோல இருந்தது.

அதே காரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அவசரப் பிரிவில் ஒரு டாக்டர் சின்னக் குச்சியால் அவள் பாதத்திலிருந்து குத்திக்கொண்டே மேலே வந்தார். "வலிக்குதா? இங்க? இங்க?" தொப்புளுக்கு ஒரு சாண் மேலே வந்த பிறகுதான், "வலிக்குது," என்றாள். அவர் அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டுக்குமேலே அவள் இருந்தாள், கீழே இருந்தது அவள் பேச்சைக் கேட்கவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். வீக்கம் குறைய ஊசி போட்டார்கள். சிறுநீர் போகக் குழாய் வைத்தார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் போனதாக நினைத்த நோய் முதுகெலும்பில் நாலு இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. ஒரு எலும்பு நொறுங்கி, உள்ளே போகிற தண்டுவடத்தை நசுக்கிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் பெரிய டாக்டர் வந்தார். கதிர்வீச்சு கொடுக்கிற அம்மா, நரைத்த தலை, அவசரமில்லாத பேச்சு. கட்டிலின் ஒரு பக்கம் கணவர், கால்மாட்டில் தம்பி.

"கால் எப்போலேர்ந்து சொன்ன பேச்சைக் கேக்கல?" என்று கேட்டார் அந்த அம்மா.

"இன்னைக்குக் காலையிலேர்ந்துதான் டாக்டர்," என்றாள் அவள். பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினாள்.

"இல்ல டாக்டர்," என்றான் தம்பி. "செவ்வாய்க்கிழமையிலேர்ந்து."

டாக்டர் அவன் பக்கம் திரும்பினார். அவன் விளக்கைப் பற்றிச் சொன்னான். மிதிச்சிட்டேன் என்று அக்கா சொன்னதையும், விளக்கு எரியாததையும், தான் மிதித்தபோது எரிந்ததையும், காரைப் பிரித்ததையும், புதுக் கம்பி போட்டதையும் ஒன்றுவிடாமல் சொன்னான். வாக்குமூலம் கொடுக்கிறவன் மாதிரி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னான். சொல்லச் சொல்லத்தான் அவனுக்கே விளங்கியது. அவன் முகத்தைப் பார்த்து அவளுக்கும் விளங்கியது.

"செவ்வாய்க்கிழமை நடந்தாங்களா?"

"நடந்தாங்க. பட்டறையில அங்கயும் இங்கயும் நடந்து என்னைத் திட்டிக்கிட்டு இருந்தாங்க."

டாக்டரின் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு எழுதினார். அந்த ஒரு கணத்தை அவள் பார்த்துவிட்டாள். கழுத்தைப் பார்த்தே மனசைப் படிக்கிறவளிடம் எதை மறைக்க முடியும்?

அறுவை செய்ய முடியாது என்றார்கள். நாலு எலும்பில் நோய், ஒன்றைத் திறந்தால் மற்றது தாங்காது, காலும் முழுசாக விழுந்துவிட்டது. கதிர்வீச்சு கொடுக்கலாம், வலியாவது குறையும். ஐந்து நாள் அசையாமல் பலகை மாதிரி படுத்துக் கதிர்வீச்சு வாங்கினாள். வலி குறைந்தது. கால் வரவில்லை. ஐந்தாம் நாள் பெரிய டாக்டரைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள்.

"நேரா சொல்லுங்க டாக்டர். நான் நடப்பேனா?"

அந்த அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நல்ல செய்தி சொல்கிறவர்கள் உட்கார்வதில்லை என்பது அவளுக்குத் தெரியும். "இந்த நிலைமையில, நடந்து வர்றவங்கள்ல பத்துக்கு எட்டுப் பேர் நடந்தே போறாங்க. கால் முழுசா விழுந்த பிறகு வர்றவங்கள்ல பத்துக்கு ஒருத்தர்தான் எழுந்து நிக்கறாங்க. அந்த ஒருத்தருக்கும் முதல் ரெண்டு வாரத்துல ஏதாவது அசைவு தெரியும்."

"செவ்வாய்க்கிழமையே வந்திருந்தா?"

டாக்டர் குனிந்து அவள் விரிப்பைச் சரிசெய்தார். சொல்லாமலே தெரிந்தது.

"எத்தனை நாள் இருப்பேன்?"

"மாசக்கணக்குதாம்மா. நடக்க முடிஞ்சவங்க கொஞ்சம் அதிக நாள் இருக்காங்க. படுக்கையிலேயே இருக்கறவங்களுக்குச் சளி பிடிக்கும், புண் வரும், ரத்தம் உறையும். அதனாலதான் புரட்டிப் போடணும், உட்கார வைக்கணும்னு சொல்றோம்."

ஆக, அந்த மூன்று நாளில் போனது கால் மட்டுமில்லை. காலோடு சேர்ந்து கொஞ்சம் ஆயுசும் போயிருந்தது. இரண்டையும் ஒரு நல்ல பிரேக்கைப் பழுது பார்க்கச் செலவழித்துவிட்டார்கள்.

வீட்டின் முன்னறையில் கட்டில் போட்டார்கள். கணவர் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவளைப் புரட்டினார். லென்ஸில் கீறல் தேடுகிற விரல் நுனியால் அவள் குதிகாலிலும் இடுப்பிலும் தடவித் தடவிச் சிவப்புத் தேடினார். அவர் கை எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள். புருவம் சுருங்கினால் எங்கேயோ சிவந்திருக்கிறது என்று அர்த்தம். பல் டாக்டர் ஒரு நாள் பழங்களோடு வந்து, லைசென்ஸ் வாங்கிவிட்டதாகச் சொன்னார். அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது, அந்தச் சந்தோஷம் அவர் போகும்வரை நீடித்தது. அவர் கதவைத் தாண்டி நடந்து போனதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு காலை எடுத்து இன்னொரு காலுக்கு முன்னால் வைத்து, யோசிக்காமல், சாதாரணமாகப் போனார். பொறாமையில் கண்ணை மூடிக்கொண்டாள்.

தம்பி தினம் வந்தான். வந்தால் ஏதாவது செய்துகொண்டே இருப்பான். பட்டறைக் குழாய்களை வெட்டிக் கட்டிலுக்குமேல் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி பொருத்தினான். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு நகர ஒரு பலகையை இழைத்துக் கொண்டுவந்தான். வாசலில் படியை இடித்துச் சரிவாக்கினான். எல்லாம் கச்சிதமாக இருந்தன. வேலை முடிந்ததும் கால்மாட்டில் நின்று அவள் கால் விரல்களையே பார்ப்பான். அந்த இரண்டு வாரத்துக் கணக்கைக் கணவர் அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். அவன் அவள் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டான்.

பதினொன்றாம் நாள் அவளால் தாங்க முடியவில்லை. சிறுநீர்க் குழாயின் பையை மாற்றும்போது படுக்கை நனைந்துவிட்டது. கணவரும் தம்பியும் சேர்ந்து அவளைத் தூக்கி விரிப்பை மாற்ற வேண்டியிருந்தது. தான் குளிப்பாட்டி வளர்த்த பையனின் கையில் அரை உடம்பாகத் தொங்கியபோது அவளுக்குள் ஏதோ அறுந்துபோனது.

"என்னடா பார்க்கற? தினம் வந்து அதையே பார்க்கற? அன்னைக்குப் பார்த்திருக்கணும். விளக்கு எரியலைன்னா வண்டியைத்தான் பிரிப்பியா? ஒரு தடவை குனிஞ்சு என் காலைப் பார்த்திருந்தா நான் இன்னைக்கு நடந்துக்கிட்டு இருப்பேன். நீதான்டா என்னைப் படுக்க வச்சே."

சொல்லும்போதே அது நியாயமில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. பல் டாக்டர் முதல் நாளே சொன்னார், தட்டிவிட்டது அவள். கணவர் சொன்னார், வண்டி வரட்டும் என்றது அவள். ஆனால் அதையெல்லாம் தன்மேல் போட்டுக்கொண்டு படுத்திருக்க அன்றைக்கு அவளுக்குத் தெம்பில்லை. தம்பி ஈரத் துணியைச் சுருட்டிக் குளியலறையில் போட்டான், கையைக் கழுவினான், போய்விட்டான்.

மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. "பட்டறையைத் திறக்கறதே இல்லையாம்," என்றார் கணவர். "காரை வெறிச்சுப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கானாம்." அவள் போன் செய்தாள். எடுக்கவில்லை. இரண்டு வாரம் முடிந்து இன்னொரு வாரமும் போனது. கால் அசையவில்லை. பத்தில் ஒருத்தி அவள் இல்லை.

நாலாம் வாரத்தில்தான் அந்தத் துடிப்பு ஆரம்பித்தது. காலைத் தொட்டாலோ விரிப்பு இழுபட்டாலோ பெருவிரல் சட்டென்று மேலே நிமிரும், சில சமயம் முழங்காலே மடங்கும். முதல் தடவை பார்த்தபோது அவளுக்கு உயிரே திரும்ப வந்ததுபோல இருந்தது. உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வரும் பெண்ணிடம் மூச்சு வாங்க, கால் அசைஞ்சுது என்று சொன்னாள். அந்தப் பெண் அவளைக் கண்ணை மூடச் சொல்லி, இப்போ அசைங்க, இப்போ அசைங்க என்றாள். பிறகு மெதுவாக, "கண்ணைத் திறங்க அக்கா," என்றாள். "நீங்க அசைக்கச் சொன்னப்ப அது அசையல. சும்மா இருந்தப்ப அசைஞ்சுது. மேலேர்ந்து சேதி வராததால, காலுக்குப் போற நரம்பு தன்னால துடிக்குது. இது நீங்க பண்றது இல்லக்கா. நிறையப் பேர் நம்பி ஏமாந்து போறாங்க, அதான் சொல்றேன்." ஏமாற்றம் என்ற சொல்லெல்லாம் அதற்குப் பக்கத்தில்கூட வராது. அன்றைக்கு முழுக்க அவள் யாரோடும் பேசவில்லை. இரண்டு பேருக்குமான பேச்சைப் பேசுகிறவள் பேசாதபோது அந்த வீடு எப்படி இருந்தது என்று கணவருக்குத்தான் தெரியும்.

இரண்டு நாள் கழித்து ஒரு மத்தியானம் தம்பி வந்தான். கணவர் போய் இழுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். பத்து வயது கூடியவன்போல இருந்தான். தாடி, அழுக்குச் சட்டை. "வாடா," என்றாள். "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான். சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவளுக்கு வார்த்தை வரவில்லை. ஊரையே வாயால் ஆட்டிவைத்தவளுக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

அவன் எப்போதும்போல வேலை தேடினான். கட்டிலின் கால்மாட்டுச் சட்டம் ஆடுவதைக் கண்டுபிடித்து, மண்டியிட்டு உட்கார்ந்து திருகாணியை இறுக்கினான். அப்போது விரிப்பின் ஓரம் அவன் முழங்கையில் மாட்டி இழுபட்டது. அவள் பெருவிரல் நிமிர்ந்தது. கால் லேசாக மடங்கி நீண்டது.

அவன் கையிலிருந்த கருவி கீழே விழுந்தது.

"அக்கா!" என்றான். "அசையுது! அக்கா, அசையுது! நீயா அசைச்சே?"

இத்தனை நாளுக்குப் பிறகு அவன் அவள் முகத்தைப் பார்த்தான். ஏழு வயதில் பள்ளிக்கூட வாசலில் அவள் வருகிறாளா என்று பார்த்த அதே கண்ணால் பார்த்தான். அந்தப் பெண் சொன்னதையெல்லாம் அவனிடம் சொல்லலாம். உண்மை அதுதான். ஆனால் இன்னும் எத்தனை மாசம் இருக்கப்போகிறாள்? அதற்கப்புறம் இவன் முப்பது வருஷம் இதைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டுமே.

"ஆமாண்டா," என்றாள். "நான்தான் அசைச்சேன்."

அவன் சிரித்தான், அழுதான், இரண்டும் சேர்ந்து வந்தது. கதவருகில் நின்றிருந்த கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்குத் தெரியும். தம்பி முட்டியிட்டபடியே கட்டிலை நெருங்கி வந்தான்.

"எங்க, இன்னொரு தடவை அசைக்கா. நான் சரியாப் பார்க்கல."

அவள் விரலைப் பார்த்தாள். தலையிலிருந்து, கழுத்திலிருந்து, பேனாக் கோடு போட்ட இடம்வரைக்கும் இருந்த பலம் முழுவதையும் திரட்டி அனுப்பினாள். பல்லைக் கடித்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. எதுவும் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை.

"இருடா," என்றாள். "இரு, பண்றேன்."

அவன் காத்திருந்தான். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. தன்னால் ஆயிரம் தடவை துடித்த பாழாய்ப்போன கால் இப்போது கட்டைபோலக் கிடந்தது. அவள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அவன் விரலைப் பார்த்தான், அவள் புடைத்த கழுத்தைப் பார்த்தான், திரும்பவும் விரலைப் பார்த்தான். மெல்ல அந்தச் சிரிப்பு போனது.

"போதும்க்கா," என்றான். "போதும், விட்டுடு."

பிறகு குனிந்து அவள் பாதங்களின்மேல் முகத்தை வைத்துக்கொண்டான். தோள்கள் குலுங்கின. அவன் முகத்தின் சூடோ, கனமோ, கண்ணீரின் ஈரமோ எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. தலையணையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துத்தான், தம்பி தன் காலைப் பிடித்துக்கொண்டு அழுகிறான் என்று தெரிந்துகொண்டாள்.